சுங்கச்சாவடி அடிமையின் நேர்த்திக்கல்

1993ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நான் ரொறன்ரோவில் வந்திறங்கியபோது என் கையில் இருந்த கடவுச்சீட்டு வேறொரு பெண்ணுடையது. கூட வந்த ஏஜென்ற் அதையும் விமானத்திலேயே திருப்பி வாங்கிக்கொண்டார். குடிவரவு அதிகாரியின் முன்னால் போய் நின்றபோது என்னிடம் ஒரு கைப்பையும் மகளின் படம் ஒன்றும் என் பெயரும்தான் இருந்தன. பெயரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளையும் கணவரையும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஓர் அறையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஒருவரை அனுப்பத்தான் எங்களால் முடிந்தது. என்னை இரண்டு முறை பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டிருந்தார்கள். மூன்றாம் முறை விடமாட்டார்கள் என்று கணவர் பயந்தார்.

"நீர் முதல்லை போம். ஆறு மாதத்திலை எங்களைக் கூப்பிடலாமெண்டு ஏஜென்ற் சொல்லுறான்" என்றார்.

அடுத்த வருடமே விசாரணையில் என்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் நிரந்தர வதிவிடத்துக்கு, எங்கள் சனம் எல்லோரும் 'லாண்டட்' என்று சொல்லும் அந்தக் கடதாசிக்கு, நான் யார் என்று காட்டும் பத்திரம் ஒன்று கேட்டார்கள். என் அடையாள அட்டை ஒரு முகாமில் பறிபோயிருந்தது. பிறப்புச் சான்றிதழ் வீட்டோடு எரிந்துவிட்டது. எனக்கு நடந்தவற்றை அவர்கள் நம்பினார்கள். அவை நடந்தது எனக்குத்தான் என்பதை நம்பவில்லை. லாண்டட் இல்லாமல் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. வெளியே போனால் திரும்பி உள்ளே வரவும் முடியாது. ஆறு மாதம் ஒரு வருடமாகி, பிறகு இரண்டு வருடமானது.

நான் இருந்தது நகரின் கிழக்கே வோபர்னில், ஒரு வீட்டின் நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்றில். வீட்டுக்காரரும் யாழ்ப்பாணம்தான். என் அறையில் ஒரே ஒரு யன்னல், முகட்டோடு ஒட்டி, நிலமட்டத்தில் இருந்தது. பனி கொட்டினால் அது மூடிப்போகும். பிறகு வெளியே பகலா இரவா என்று தெரியாது. மேலே நடக்கும் கால்களின் சத்தத்தை வைத்து நேரம் கணிப்பேன். வீட்டுக்கார அன்ரி நல்லவர். ஆனால் உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கி வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"பிள்ளை, உமக்கு இன்னும் லாண்டட் வரேல்லையே?"

"இல்லை அன்ரி."

"எங்கடை மருமகளுக்கு எட்டு மாதத்திலை வந்திட்டுது. நீர் ஏதோ பிழையா நிரப்பிப் போட்டீர் போலை."

நான் சிரிப்பேன். அன்ரி ஈர உடுப்புகளை மெஷினில் மாற்றிப் போட்டுவிட்டு மேலே போய்விடுவார்.

வீடுகள் துப்புரவு செய்யும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு வீடு, சில நாள் மூன்று. எல்ஸ்மியர் பஸ்ஸில் ஏறி, சுரங்க ரெயில் மாறி, டான்ஃபோர்த் வீதிக்குத் தெற்கே பழைய செங்கல் வீடுகள் இருக்கும் தெருக்களுக்குப் போவேன். அங்கே ஒரு வீட்டில் எழுபத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் தனியாக இருந்தார். நான் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். இடுப்பெலும்பு முறிந்து சரியாகப் பொருந்தாததால் கைத்தடியோடு நடப்பார். படி ஏறவோ இறங்கவோ குனியவோ முடியாது. சமையலறையும் அதற்குப் பக்கத்து அறையும்தான் அவருடைய உலகம். கணவர் உயர்பாடசாலை ஒன்றில் லத்தீன் படிப்பித்தவர், இறந்து ஆறு வருடமாகிறது என்று அறிந்திருந்தேன்.

1996 வசந்தத்தில் ஒரு நாள் மேடம் என்னிடம் ஒரு சுருள் கறுப்புப் பைகளைத் தந்தார்.

"கீழே பேஸ்மென்றில் இருக்கும் குப்பை எல்லாவற்றையும் இதில் போட்டு வெளியே வை. என் மகன் வீட்டை விற்கச் சொல்கிறான்."

கீழே போய் விளக்கைப் போட்டேன். சுவரோரம் இரும்புத் தட்டுகள். அவற்றில் தட்டையான அட்டைப் பெட்டிகள், முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டுவரை. முதல் பெட்டியைத் திறந்தேன். தடித்த வெள்ளைத் தாள்கள். மை இல்லை, பேனா பட்ட அடையாளம் இல்லை. பையை விரித்துத் தாளைத் தூக்கியபோது விரல் எதிலோ தட்டுப்பட்டது. தாள் மேடும் பள்ளமுமாக இருந்தது. சரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். எழுத்துகள் தெரிந்தன, இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல.

யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்புக்கு நான் வரலாறு எடுத்தவள். சண்டை வந்து படிப்பு நிற்பதற்கு முன் கல்வெட்டுப் படி எடுக்க எங்களை ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். கல்லைக் கழுவி, ஈரத் தாளை ஒட்டி, பிரஷால் அடித்து, பிறகு மை ஒற்றி எடுப்போம். இங்கே மை ஒற்றவில்லை. மற்றபடி அதே வேலை. எட்டு வருடமாக நான் இப்படி ஒரு தாளைத் தொட்டதில்லை. கறுப்புப் பையை மடித்துக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளோடு மேலே போனேன்.

"மேடம், இது குப்பை இல்லை. இது கல்வெட்டுப் படி."

அவர் என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னுடைய றப்பர் கையுறையைப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். அவர் தாளை வாங்கி விரலால் தடவினார். பிறகு, "முப்பது கோடைகாலம். பாடசாலை விடுமுறை வந்தால் பெட்டியைக் கட்டிவிடுவார். ஒரு புத்தகம் எழுதப்போவதாகச் சொன்னார். ஒரு பக்கமும் எழுதவில்லை" என்றார்.

பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மேடம் தொலைபேசியில் பேசினார். என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் தந்தால் யோசிக்கலாம் என்றார்கள். அதனால் சனிக்கிழமைகளில் துப்புரவுக்குப் பதில் நான் பட்டியல் செய்யத் தொடங்கினேன். மேடம் கணவரின் பழைய தட்டச்சு யந்திரத்தைக் காட்டினார். பேஸ்மென்றுக் கதவை எப்போதும் சாத்தி வைக்கச் சொன்னார். கீழேயிருந்து வரும் குளிர் அவருடைய இடுப்புக்கு ஆகாது.

இப்படித்தான் நான் மித்ராஸ் என்ற கடவுளை அறிந்தேன். ரோமப் பேரரசின் காலத்தில் படைவீரரும் சிறு உத்தியோகத்தரும் அடிமைகளும் கும்பிட்ட கடவுள். ஆண்கள் மட்டும், இரகசியமாக. அவர்கள் எழுதிவைத்த நூல் ஒன்றும் மிஞ்சவில்லை. கல்லும் சிற்பமும் சுவரில் தீட்டிய சில படங்களும்தான் மிச்சம். அந்த மனிதர் முப்பது கோடையும் ஊர் ஊராகப் போய் அவற்றைப் படம் பிடித்திருந்தார், படி எடுத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அட்டையில் குறிப்பு எழுதியிருந்தார். கையெழுத்து மணிமணியாக இருந்தது.

ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. குகைக்குள் மித்ராஸ் ஒரு காளையின் முதுகில் முழங்காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துத் தலையை இழுத்து, கழுத்தில் கத்தியை இறக்குகிறான். காயத்தை நோக்கி ஒரு நாயும் பாம்பும் எழும்புகின்றன. கீழே ஒரு தேள். மேலே ஒரு காகம். காளையின் வால் நுனி தானியக் கதிராக முடிகிறது. இரு பக்கமும் தீப்பந்தத்தோடு இருவர்: ஒருவன் பந்தத்தை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான், மற்றவன் கீழே சரித்திருக்கிறான். எனக்குப் பிடிபடாத விஷயம் மித்ராசின் முகம். குத்தும்போது அவன் காளையைப் பார்ப்பதில்லை. தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறான். செய்ய விருப்பமில்லாத வேலையைச் செய்பவனைப்போல இருக்கும். பல சிற்பங்களில் அந்த முகமே இல்லை. பின்னால் வந்தவர்கள் கோடரியால் கொத்திப் போட்டிருந்தார்கள்.

இன்னொரு வகைச் சிலையும் இருந்தது. மித்ராஸ் பாறையிலிருந்து பிறக்கிறான். குழந்தையாக அல்ல, வளர்ந்த இளைஞனாக, ஒரு கையில் கத்தி, மறு கையில் பந்தம். இடுப்புக்கு மேலே வெளியே வந்துவிட்டான், கால்கள் இன்னும் கல்லுக்குள். பிறப்பு என்று அட்டையில் எழுதியிருந்தது. எனக்கு அவன் அகப்பட்டுக்கொண்டவன்போலவே தெரிந்தான். அந்தப் படத்தை நான் பெட்டியின் அடியில் கவிழ்த்து வைத்தேன்.

அவர்களுடைய கோயில்களின் வரைபடங்களையும் பார்த்தேன். நிலத்துக்குக் கீழே ஒடுங்கிய நீள அறை. யன்னல் இல்லை. இரு பக்கமும் ஆட்கள் சாய்ந்திருக்கத் திண்டு. முகட்டைக் குகைபோல வளைத்துக் கட்டி, சிலவற்றில் நட்சத்திரம் தீட்டியிருக்கிறார்கள். விரும்பிப் போய் இப்படி ஓர் இடத்தில் இருந்தார்களே என்று நினைத்தேன். எனக்கு ஒரு பேஸ்மென்றில் எழும்பி இன்னொரு பேஸ்மென்றுக்கு வேலைக்கு வருவதாக இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் ரெயில் நிலத்துக்கு மேலே வரும் இடத்தில் கண் கூசும்.

ஆனாலும் அட்டைகள் என்னை விடவில்லை. டான்யூப் ஆற்றுப் பக்கத்து மாகாணங்களில் பழைய சுங்கச்சாவடிகள் இருந்த ஊர்களிலிருந்து நிறையக் கற்கள் வந்திருந்தன. அந்தச் சாவடிகளை நடத்தியவர்கள் அடிமைகள். எல்லை கடப்பவர்களின் மூட்டையைப் பிரிக்கிறவர்கள், பதிவு எழுதுகிறவர்கள், எழுதியதைச் சரிபார்க்கிறவர்கள் எல்லோரும் அடிமைகள். அவர்கள்தான் தங்களுக்கென்று சேர்த்த காசில் மித்ராசுக்குக் கல் நாட்டியிருக்கிறார்கள். ஒரு சிலையில் அவன் காளையைத் தோளில் போட்டுப் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். அதன் பீடத்தில் ஒரு சொல். அதற்கு நேரே அட்டையில், 'கடத்தல், கடந்துபோதல்' என்று பொருள் எழுதியிருந்தது. எல்லையில் உட்கார்ந்து ஆயிரம் பேரைக் கடக்கவிட்டுத் தான் கடக்காமல் இருந்தவர்கள் அந்தச் சொல்லைக் கும்பிட்டார்கள். அன்று நான் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தேன்.

அந்த வருட முடிவில் கணவர் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"இஞ்சேரும், கிடைச்சிட்டுது. உம்மடை பிறப்புப் பதிவின்ரை பிரதி கொழும்பு அலுவலகத்திலை இருந்திருக்கு. சேட்டிபிக்கற் எடுத்து அனுப்பியிருக்கிறன். பதிவுப் பக்கத்தையும் ஒரு கொப்பி அடிச்சுத் தரச் சொல்லிக் கெஞ்சினனான். அதையும் அதோடை சேர்த்து வைச்சிருக்கிறன்."

"எவ்வளவு நாள் அலைஞ்சியள்?"

"அதை விடும். பிள்ளை நிக்கிறாள், கதையும்."

மகள் தொலைபேசியில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "என்ன செய்யிறியள் அம்மா?" என்றேன். "ஒண்டுமில்லை" என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் வராது. அதைக் கேட்கவே தொலைபேசி அட்டை வாங்கி எண்களை அழுத்திக் காத்திருப்பேன்.

சான்றிதழ் வந்தது. அதை வழக்கறிஞரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டு என் விண்ணப்பத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பெயர் வேறாக இருக்கிறதே. இதில் இரண்டு எழுத்து அதிகம்."

உண்மைதான். பதிவு தமிழில், ஒரு பழைய பதிவாளரின் கையெழுத்தில் இருந்தது. அந்த மனிதர் ஆகார நெடிலுக்குப் போடும் காலையும் (ா) ரகரத்தையும் (ர) ஒரே மாதிரி எழுதுவார். கொழும்பில் அதை இங்கிலிஷில் பெயர்த்தவர் என் பெயரில் இருந்த கால் ஒன்றை ரகரமாக வாசித்துவிட்டார். பழைய கல்வெட்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. வழக்கறிஞருக்கு விளக்கிப் பார்த்தேன். அவர் கைவிரித்தார்.

"இது வேறொருவருடைய சான்றிதழ் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். திருத்தி வாங்குங்கள்."

கொழும்பில் கேட்டதற்கு, திருத்தவேண்டுமானால் உரியவர் நேரே வந்து, பிறந்த இடத்துப் பதிவகத்தில் விண்ணப்பிக்கவேண்டும் என்றார்கள். அந்தப் பதிவகம் சண்டையில் இடம்பெயர்ந்து எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்குப் போகவும் வழியில்லை. போனால் வரவும் வழியில்லை. அன்று வீட்டுக்கு வந்து பேஸ்மென்றுப் படியில் கோட்டைக் கழற்றாமல் இருந்தேன். அன்ரி மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிண்ணத்தில் சோறும் கறியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

1997 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து பனி கொட்டியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே போகலாம் என்று பேஸ்மென்றுப் படியேறிக் கதவின் கைபிடியைத் திருப்பினேன். அது கழன்று என் கையோடு வந்தது. இரு பக்கத்துக் கைபிடிகளையும் இணைக்கும் நடுக்கம்பி மறுபக்கத்தில் விழும் சத்தம் கேட்டது. கதவு அசையவில்லை. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், ஒரு கத்தரிக்கோலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"மேடம், கைபிடி கழன்றுவிட்டது. உங்கள் பக்கத்தில் கம்பி விழுந்திருக்கிறது."

கைத்தடியின் சத்தம் மெதுவாக வந்தது.

"தெரிகிறது. ஆனால் என்னால் குனிய முடியாது" என்றார். தடியால் அதை இழுக்கப் பார்த்தார். அது உருண்டு அடுப்புக்கு அடியில் போய்விட்டது என்றார்.

மகனுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் இருந்தது நகரத்தின் மேற்குப் பக்கத்தில். வீதிகள் அடைபட்டிருக்கின்றன, வர மூன்று நான்கு மணித்தியாலம் ஆகலாம் என்றாராம். அக்கம்பக்கத்து இரண்டு வீட்டுக்கும் எடுத்தார், ஒருவரும் பதில் தரவில்லை.

"சரி, தீயணைப்புப் படையைக் கூப்பிடுகிறேன்."

"வேண்டாம், மேடம்."

"ஏன் வேண்டாம்? அவர்களுக்கு இது இரண்டு நிமிட வேலை."

"சீருடைக்காரர் வேண்டாம். தயவுசெய்து."

என் குரல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது. கீழே பார்த்தேன்: படிகள், தட்டுகள், அந்தச் சிறு யன்னலில் ஏறிவரும் பனி. மூடிய கதவுக்குப் பின்னால் நான் இருந்த இரண்டு முறையும் சப்பாத்துச் சத்தம்தான் முதலில் வந்தது. அதை மேடத்திடம் சொன்னேன். ஒன்றரை வருடம் அந்த வீட்டைத் துடைத்தவள், என்னைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முகாமை, மகளை, பதிவாளரின் எழுத்தை, வழக்கறிஞர் கைவிரித்ததை.

அந்தப் பக்கத்தில் கதிரை இழுபட்டது. அவர் சமையலறை மேசையோரமாகக் கதவோடு வந்து உட்கார்ந்தார்.

"முதல் இரண்டு கோடையும் நானும் அவரோடு போனேன்" என்றார். "பிறகு பிள்ளைகள். இருபத்தெட்டுக் கோடை இந்தச் சமையலறையில்தான். அவர் குகைகளுக்குப் போனார், எனக்குக் கடிதம் எழுதினார். 'இன்று ஒரு கல்லில் மூன்று எழுத்துப் புதிதாக வாசித்தேன்' என்று. உனக்கு ஒன்று சொல்லட்டுமா? வீட்டை விற்க மகன் அவசரப்படவில்லை. அந்தப் பைகள் படியில் இழுபட்டு வெளியே போகும் சத்தத்தை நான் கேட்க விரும்பினேன்."

கதவோடு நெருங்கிக் கேட்டேன்.

"இப்போதும் விரும்புகிறீர்களா?"

"தெரியாது" என்றார். பிறகு, "சும்மா இருந்து நடுங்காதே. ஏதாவது ஒன்றை எடுத்து வாசி" என்றார்.

குறிப்பு அட்டை இல்லாத ஒரு தாள் இருந்தது. எந்த ஊர், எந்தக் கல் என்று தெரியாமல் ஒதுக்கி வைத்திருந்தேன். அதையும் ரோர்ச்சையும் எடுத்துக்கொண்டு மேல்படியில் வந்து உட்கார்ந்தேன். விளக்கைத் தாளின் ஓரத்தில் படுக்க வைத்துப் பிடித்தால் எழுத்தின் நிழல் நீளும். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"முதல் வரி கடவுளின் பெயர். வெல்லப்படாதவன் என்று இருக்கிறது."

"வழக்கமாக அப்படித்தான். மேலே போ."

"பிறகு ஓர் ஆளின் பெயர். அதற்கப்புறம் ஓர் இடம் உடைந்துபோயிருக்கிறது. பிறகு மூன்று எழுத்து, வி, ஐ, சி. அதற்குப் பின்னால் ஒரு புள்ளி."

"அடிமையின் அடிமை" என்று மேடம் உடனே அந்த லத்தீன் சுருக்கத்தை விரித்தார். "அடிமைகளில் வசதியானவன் தனக்குக் கீழே ஓர் அடிமை வைத்திருப்பான். அவனுடைய வேலையை இவன் செய்வான். கடைசி வரியில் என்ன?"

"வி, எஸ், எல், எம்."

"நேர்ந்ததைத் தீர்த்தான், மனம் விரும்பி, உரியபடி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லா மாரிகாலமும் அவர் எழுத்துகளைச் சொல்லச் சொல்ல இந்த மேசையில் இருந்து எழுதியது யாரென்று நினைக்கிறாய்? அட்டைகளில் இருக்கும் கையெழுத்து என்னுடையது."

அந்தக் கையெழுத்தை நான் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவையும் யோசிக்கவில்லை.

நேர்த்திக்கடன் என்று எங்கள் ஊரில் சொல்வோம் என்றேன். அந்தச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் அந்த உடைந்த இடத்தில் என்ன இருந்திருக்கலாம் என்று பேசினோம். எசமானாகிய அடிமையின் பெயராக இருக்கலாம். இடைவெளியை விரலால் அளந்து ஐந்தாறு எழுத்து என்றேன். அவர் சதுர அடைப்புக்குள் அத்தனை புள்ளி போட்டு எழுதிவைத்ததாகச் சொன்னார். இல்லாததை இருக்கிறது என்று எழுதக்கூடாது, அதுதான் விதி என்றார்.

இரண்டாயிரம் வருடமாகப் போகிறது. அடிமைக்கு அடிமையாக இருந்தவன் ஒருவன் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான், ரொறன்ரோவில் ஒரு படிக்கட்டில் அதை நான் வாசிக்கிறேன். என் பெயரை ஓர் அலுவலகமும் வாசிக்க மாட்டேன் என்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வந்தது. மேடம் பென்சிலால் மேசையில் தட்டும் சத்தம் கேட்டது.

"உன் கணவர் அனுப்பிய அந்தப் பதிவுப் பக்கம் உன்னிடம் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"அப்படியென்றால் அதற்கும் ஓர் அட்டை எழுது. கல்லில் இருப்பது எது, வாசித்தவன் பிழைவிட்டது எங்கே, நீ ஏன் இப்படி வாசிக்கிறாய். அவர்களைக் கெஞ்சாதே. காட்டு."

மகன் வந்து கதவைத் திறக்கும்போது பின்னேரம் ஐந்து மணி. கம்பியைப் போட்டுத் திருப்ப அவருக்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. தாயார் கதவோடு ஒட்டி இருப்பதையும் நான் படியில் தாளோடு இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நேரே வாசலைத் திறந்து முழங்காலளவு பனியில் போய் நின்றேன், சப்பாத்துப் போடாமல்.

அடுத்த நான்கு சனிக்கிழமையும் அந்தக் கடிதத்தை எழுதினோம். பதிவுப் பக்கத்தைப் பெரிதாகக் கொப்பி அடித்தேன். அந்தப் பதிவாளர் அதே பக்கத்தில் கால் போட்ட இடங்கள் எல்லாவற்றையும் சிவப்பில் வட்டமிட்டு எண் போட்டேன். ஊரின் பெயரிலேயே இரண்டு இருந்தன. என் பெயரில் இருக்கும் குறியை ரகரம் என்று வாசித்தால், ஒரே கை எழுதிய அதே குறியை அங்கேயும் ரகரம் என்றுதான் வாசிக்கவேண்டும். அப்போது நான் பிறந்த ஊர் யாழ்ப்பாணம் அல்ல, யரழ்ப்பரணம். அப்படி ஓர் ஊர் உலகத்தில் இல்லை. மேடம் இங்கிலிஷைத் திருத்தினார். 'மிகத் தாழ்மையுடன்' என்று நான் எழுதியிருந்த இடத்தையெல்லாம் வெட்டினார். வழக்கறிஞர் வாசித்துவிட்டு, இப்படி ஒன்று தான் அனுப்பியதில்லை, பிரயோசனம் இருக்குமோ தெரியாது என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஒரு வருடத்துக்கு மேல் பதில் இல்லை. அதற்குள் மகள் பாடசாலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். நான் பட்டியலை முடித்துவிட்டேன். அடையாளம் தெரியாத தாள் அடையாளம் தெரியாமலே பட்டியலில் சேர்ந்தது. 1998 வசந்தத்தில் நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அதிகாரிக்கு என் வயதிருக்கும். பெரிதாக்கிய பக்கத்தை மேசையில் விரித்து, அளவுகோலான அடிமட்டத்தை வைத்து ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார்.

"எனக்கு இந்த மொழி தெரியாது" என்றார். "ஆனால் இதுவும் இதுவும் ஒன்று. இதுவும்."

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவர் கவனிக்கவில்லை. நான் எழுதியது அவரை நம்பவைத்ததோ, நான்கு வருடக் கோப்பின் தடிப்பு அலுப்புத் தந்ததோ, எனக்குத் தெரியாது. லாண்டட் கடதாசியில் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கோடையில் பல்கலைக்கழகத்திலிருந்து வான் வந்தது. இரண்டு பேர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முப்பது கோடையும் அரை மணித்தியாலத்தில் படியேறி வெளியே போயின. மேடம் யன்னலோரம் நின்று பார்த்தார். வான் திரும்பி மறைந்ததும், "என்னைக் கீழே கூட்டிப் போ" என்றார்.

பன்னிரண்டு படி. நான் முன்னால் பின்பக்கமாக இறங்க, அவர் என் தோளில் இரண்டு கையையும் வைத்து ஒவ்வொரு படியாக வந்தார். நிறைய நேரம் எடுத்தது. கீழே வெறும் இரும்புத் தட்டுகள், பெட்டி இருந்த இடத்தில் தூசியில் சதுரங்கள். அவரைக் கதிரையில் இருத்தினேன். சுற்றிப் பார்த்தார்.

"நான் நினைத்ததைவிடச் சின்ன அறை" என்றார். பிறகு அழுதார். நான் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். மேலே ஏற அவருக்கு மகன் வரவேண்டியிருந்தது.

அந்த வருட முடிவில் வீட்டை விற்று முதியோர் இல்லத்துக்குப் போனார். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மூன்றாம் முறை போக முன்பு மேடம் இறந்த செய்தியை மகன் தொலைபேசியில் சொன்னார்.

கணவரும் மகளும் 1999இல் வந்தார்கள். விமான நிலையத்தில் கணவர் என்னைக் கண்டதும் முதலில் நீட்டியது கடதாசிக் கோப்பு ஒன்று.

"எல்லாம் உதுக்கை இருக்கு. ஒருக்கால் சரி பாரும்" என்றார். பிறகுதான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவருடைய தலைமயிர் முன்பக்கம் நரைத்திருந்தது. எட்டு வயதுப் பிள்ளை அவருக்குப் பின்னால் நின்று என் சப்பாத்துகளைப் பார்த்தது.

நான் ஏழாம் மாடியில் ஓர் அப்பார்ட்மென்ற் எடுத்திருந்தேன். முதல் நாட்கள் நான் எண்ணியபடி இருக்கவில்லை. மகள் தகப்பனோடுதான் சாப்பிட்டாள், தகப்பன் பக்கத்தில்தான் படுத்தாள். நான் அறைக்குள் வந்தால் பேச்சு நிற்கும். நான் அவளைக் கேள்வி கேட்கவில்லை, தொடவும் அவசரப்படவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன்.

ஒரு காலை கணவர் வேலை விசாரிக்க வெள்ளனப் போய்விட்டார். பாடசாலைக்கு நேரமாகிவிட்டது. மகள் சீப்பும் றிப்பனுமாக என் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு ரெண்டு பின்னல் போடத் தெரியாது" என்றாள்.

"திரும்பி இரும்" என்றேன். இருந்தாள். தலைமயிர் அடர்த்தியாக, சிக்கல் விழுந்திருந்தது. நோகாமல் நுனியிலிருந்து எடுக்கத் தொடங்கினேன்.